குடலைச் சுருட்டி வைத்தது எது?

சேர்வராயன் மலை அடிவாரத்தில், குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் சாலையை ஒட்டித்தான் என் அம்மாயியின் ஊர். கோழியை அடை வைப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. மூங்கில் கூடையில் வைக்கோல் பரப்பி, ஒற்றைப்படை எண்ணிக்கையில் முட்டை அடுக்கி, இடி இடித்தால் கெட்டுவிடக் கூடாது என்று ஓர் இரும்புத் துண்டையும் ஓரத்தில் செருகி வைப்பார். ஏழாம் நாள் ஒவ்வொரு முட்டையாக எடுத்து, கையைக் குழாய்போல மடக்கி, காலை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். உள்ளே சிலந்தி மாதிரி ரத்தக்கோடுகள் தெரிந்தால் கூடைக்குத் திரும்பும். தெரியாவிட்டால் கூமுட்டை.

ஒருமுறை அடை வைத்த மூன்றாம் நாளே கோழி மிதித்து ஒரு முட்டை உடைந்துவிட்டது. மஞ்சள் கருவின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. கடுகளவுதான் இருக்கும். நான் அப்போது ஆறாம் வகுப்பு. "உசுரு வந்துருச்சு பாரு" என்றார் அம்மாயி. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் நாளுக்கொரு முட்டையாக உடைத்துப் பார்த்து எழுதி வைத்ததும் இதே புள்ளியைத்தான், இதே மூன்றாம் நாளைத்தான்.

பிறகு சேலத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் படித்தபோது அந்தப் புள்ளியைக் கண்ணாடித் தகட்டில் மறுபடி சந்தித்தேன். 24 மணி நேரக் கரு, 33 மணி, 48 மணி, 72 மணி என்று வரிசையாகத் தகடுகள். நுண்ணோக்கியில் பார்த்து ரெக்கார்ட் நோட்டில் வரைய வேண்டும். கருவின் மூன்று செல் அடுக்குகளில் புற அடுக்குக்கு நீலம், நடு அடுக்குக்குச் சிவப்பு, அக அடுக்குக்கு மஞ்சள். 24 மணியில் தட்டையாக இருந்த தகடு 33 மணியில் குழாயாகியிருக்கும். நேராக இருந்த இதயக்குழல் 48 மணியில் வளைந்திருக்கும். இதை எது மடித்தது, எது வளைத்தது என்று கேட்டேன். "எல்லாம் மரபணுவில் எழுதியிருக்கு" என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அது என் கேள்விக்கான பதிலும் இல்லை. மரபணு என்பது ஒரு புரதத்தை எப்படிச் செய்வது, எங்கே எப்போது எவ்வளவு செய்வது என்பதற்கான குறிப்பு. ஒரு தகட்டை மடிக்க வேண்டுமென்றால் ஏதாவது ஒன்று அதை இழுத்தாக வேண்டும், இல்லை தள்ளியாக வேண்டும். நியூட்டனின் விதிகளுக்கு முட்டைக்குள் விலக்கு கிடையாது.

அந்த இழுப்பையும் தள்ளலையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில், குறிப்பாக இந்த நூற்றாண்டில், கருவளர்ச்சி ஆய்வு இந்தக் கேள்விக்குத் திரும்பி வந்திருக்கிறது. திரும்பி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 1874இலேயே வில்ஹெல்ம் ஹிஸ் என்ற கருவியலாளர், கருவின் மடிப்புகளை ரப்பர் குழாயை வளைத்துக் காட்டி விளக்கப் பார்த்தார். ஒரு பகுதி வேகமாக வளர்ந்து பக்கத்துப் பகுதி மெதுவாக வளர்ந்தால் தகடு மடிந்துதானே ஆக வேண்டும் என்பது அவர் வாதம். அக்காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கெல் இதை 'ரப்பர் குழாய்க் கொள்கை' என்று கேலி செய்தார். பரிணாம வரலாறு ஒன்றே கருவின் வடிவத்தை விளக்கிவிடும் என்று அவர் நம்பினார். ஹிஸ்ஸின் ரப்பர் குழாய் மறுபடி மேசைக்கு வர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பிறகு அந்தக் கதைக்கு வருகிறேன்.

முதலில் ஒரு செல்லால் என்னென்ன செய்ய முடியும் என்று பார்க்கலாம். செல்லின் தோலுக்கு அடியில் ஆக்டின் என்ற புரத இழைகள் வலைபோலப் பரவியிருக்கின்றன. அந்த இழைகளைப் பிடித்து இழுக்கும் இன்னொரு புரதம் மையோசின். நம் தசை சுருங்குவதும் இந்த இணையால்தான். அதன் உறவுக்காரப் புரதங்கள் தசையல்லாத செல்களிலும் உண்டு. ஆக, ஒவ்வொரு செல்லுக்கும் சொந்தமாக இழுக்கத் தெரியும்.

சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். வாயைச் சுற்றி ஓடும் கயிற்றை இழுத்தால் வாய் சுருங்கும், அடி உப்பும். ஒரு தகட்டில் வரிசையாக நிற்கும் செல்கள் தங்கள் மேல்முனையில் மட்டும் இந்தக் கயிற்றை இழுத்தால், ஒவ்வொன்றும் மேலே குறுகி, அடியில் அகன்று, ஆப்பு வடிவம் எடுக்கும். ஆப்புகளை நெருக்கி அடுக்கினால் தகடு வளைந்தே தீரும். வட்டக் கிணற்றுக்கு ஆப்புச் செங்கல் அடுக்கும் கொத்தனாருக்கு இது தெரிந்த கணக்கு. பழ ஈயின் கருவில், அரை மில்லிமீட்டர் நீள முட்டைக்குள், வயிற்றுப்புறச் செல்கள் இப்படித்தான் ஒரு பள்ளத்தை உண்டாக்கி உள்ளே போகின்றன. கோழிக்கும் நமக்கும் முதுகுப்புறத் தகடு மடிந்து நரம்புக்குழல் ஆவதிலும் இந்தச் சுருக்கு இருக்கிறது. ஆனால் தகடு முழுவதிலும் இல்லை, சில இடங்களில் மட்டும், கதவுக்குக் கீல் வைத்ததுபோல.

சுருக்கு மட்டும் போதாது. தகடு அகலமாக இருந்தால் இரண்டு ஓரங்களும் எட்டி ஒன்றையொன்று தொட முடியாது. அதனால் மடியும் வேளையிலேயே செல்கள் நடுக்கோட்டை நோக்கி ஒன்றுக்கிடையில் ஒன்று புகுந்துகொள்கின்றன. ரேஷன் கடையில் நாலு வரிசையாக நிற்பவர்கள் இரண்டு வரிசையாகச் சேர்ந்தால் அகலம் பாதியாகும், நீளம் இரட்டிக்கும். கருவின் உடல் நீள்வது பெரும்பாலும் இப்படித்தான். தவளைக் கருவில் இந்தத் திசுவைத் தனியே வெட்டி எடுத்து நீரில் போட்டாலும் அது தானாகவே நீள்கிறது. வெளியிலிருந்து எதுவும் அதை இழுப்பதில்லை. இந்தப் புகுதலுக்குத் தேவையான மரபணுக்கள் கெட்டுப்போன சுண்டெலிகளில் தகடு அகலமாகவே நின்றுவிடுகிறது. ஓரங்கள் சந்திப்பதில்லை, நரம்புக்குழல் மூடுவதில்லை.

மனிதக் கருவில் இந்தக் குழல் மூடி முடிவது கருத்தரித்த 28ஆம் நாள் வாக்கில். நாள் தள்ளிப்போயிருக்கிறதே என்று ஒரு பெண் யோசிக்கத் தொடங்கும் நேரம் அது. மூடாமல் விட்டால் தலைப்பக்கம் மூளையே உருவாகாமல் போகலாம், கீழ்ப்பக்கம் தண்டுவடப் பிளவு வரலாம். ஏற்கெனவே இப்படிக் குறையோடு ஒரு பிள்ளை பெற்ற தாய்மாரிடம் நடந்த பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு 1991இல் வெளியானது. கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டவர்களுக்கு அக்குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் எல்லோரும் தினமும் 400 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இன்று உலகெங்கும் சொல்லப்படும் ஆலோசனை. முன்பே அப்படி ஒரு பிள்ளை பிறந்திருந்தால் இதைவிடப் பல மடங்கு தேவைப்படும், அந்த அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் பெரும்பாலும் கர்ப்பம் உறுதியான பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்குவதுதான் வழக்கம். இரத்தசோகைக்கு அது நல்லது. நரம்புக்குழலுக்கோ அந்த மாத்திரை அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும். இதைப் புதிதாகக் கல்யாணம் ஆன ஒவ்வொரு பெண்ணிடமும் நான் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன்.

சரி, இழுப்பு ஒரு பக்கம். ஒட்டுதல் இன்னொரு பக்கம்.

சேலம், ஆத்தூர்ப் பகுதியில் ஜவ்வரிசி ஆலைக்குள் போயிருப்பவர்களுக்கு இது தெரியும். மரவள்ளிக்கிழங்கை அரைத்துப் பால் எடுத்து, படியவைத்து, ஈரம் பாதி குறைந்த மாவை எடுத்துக் குலுக்குவார்கள். முன்பு துணியைத் தொட்டில்போலப் பிடித்துக்கொண்டு ஆட்கள் குலுக்கினார்கள், இப்போது இயந்திரம் குலுக்குகிறது. எந்த அச்சும் இல்லாமல் மாவு உருண்டை உருண்டையாகத் திரளும். துகள்களுக்கு நடுவில் இருக்கும் ஈரம் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது, குலுக்கல் அவற்றுக்கு இடம் மாற வாய்ப்புக் கொடுக்கிறது. காய்ந்த மாவைக் குலுக்கினால் தூசிதான் பறக்கும்.

செல்களுக்கும் இப்படி ஒரு பசை உண்டு. 1955இல் டவுன்ஸ், ஹோல்ட்ஃப்ரெட்டர் என்ற இருவர் நீர்நில வாழ்வனவற்றின் கருவை எடுத்து, செல்களைத் தனித்தனியாகப் பிரித்து, எல்லா அடுக்கின் செல்களையும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். கலவை முதலில் ஓர் உருண்டையாகத் திரண்டது. பிறகு உள்ளே நகர்வு தொடங்கியது. சில மணி நேரத்தில் தோல் செல்கள் வெளியே போய்ச் சுற்றிக்கொண்டன, மற்றவை தத்தம் இடத்துக்கு உள்ளே போயின. ஏறக்குறைய கருவில் இருந்த அதே அடுக்கு முறை. அந்தச் செல்களுக்கு வழி காட்ட அங்கே கருவே இல்லை என்பதுதான் இதில் வியப்பு.

1963இல் மால்கம் ஸ்டைன்பெர்க் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். எண்ணெயும் தண்ணீரும் பிரிவதுபோலத்தான் இது என்றார். ஒன்றையொன்று இறுகப் பற்றும் செல்கள் உள்ளே திரளும், தளர்வாகப் பற்றுபவை வெளியே தள்ளப்படும். பரப்பு இழுவிசை என்று பள்ளியில் படிக்கிறோமே, அதேதான். அந்தப் பற்றுதலைச் செய்யும் புரதங்களை ஜப்பானின் மசதோஷி டகெய்ச்சி கண்டுபிடித்து, கேட்ஹெரின் என்று பெயரிட்டார். கால்சியம் இருந்தால்தான் அவை பிடிக்கும். பின்னர் 1994இல் இந்த இருவரும் சேர்ந்து, ஒரே வகைக் கேட்ஹெரின் ஒரு கூட்டத்தில் கூடுதலாகவும் இன்னொன்றில் குறைவாகவும் இருந்தாலே அவை பிரிந்து அடுக்காகிவிடும் என்று காட்டினார்கள். இன்று இதில் ஒரு திருத்தம் உண்டு. பசை மட்டும் இல்லை, செல் தன் மேற்பரப்பை எவ்வளவு இறுக்கி வைத்திருக்கிறது என்பதும் சேர்ந்துதான் எது உள்ளே, எது வெளியே என்று முடிவாகிறது. ஜவ்வரிசிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு ஒன்று: மாவை ஒருவர் குலுக்க வேண்டும். செல் தன்னைத்தானே குலுக்கிக்கொள்கிறது.

அப்படி இடம் மாறிக்கொண்டே இருக்கும் திசு எப்போது கெட்டியாகிறது? ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோயில் கூட்டத்தில் மாட்டியிருந்தால் விடை உடம்புக்குத் தெரியும். ஆளுக்கு ஆள் இடைவெளி இருக்கும்வரை கூட்டம் தண்ணீர்போல ஓடும். ஓர் அளவுக்கு மேல் நெருங்கினால் ஒருவரும் பக்கத்தில் உள்ளவரைத் தாண்ட முடியாது, மொத்தமும் சுவராக நிற்கும். வரிக்குதிரை மீன் கருவில் ஆட்கர் காம்பாஸ் குழுவினர் நுண்ணிய எண்ணெய்த் துளிகளைச் செலுத்தி, அவை எவ்வளவு நசுங்குகின்றன என்று அளந்தார்கள். 2018இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: நீண்டு வளரும் வால்முனையில் திசு திரவம்போல நடந்துகொள்கிறது, தலைப்பக்கமாக வர வர இடைவெளி குறைந்து திடப்பொருளாக உறைகிறது. பின்பகுதி இளகியிருப்பதால் நீள முடிகிறது, முன்பகுதி இறுகியதால் அந்த வடிவம் நிலைக்கிறது.

இனிக் குடலுக்கு வருகிறேன். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கதை இதுதான்.

வயது வந்த ஒருவரின் சிறுகுடல் சுமார் 6 மீட்டர். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் சாலை 20 கொண்டை ஊசி வளைவுகளில் மடிந்து மலையேறுகிறது. மடிக்காவிட்டால் அந்தச் சரிவில் அந்த நீளத்தை வைக்க இடமில்லை. குடலும் அப்படித்தான் மடிந்து கிடக்கிறது. சாலைக்கு யாரோ அளந்து கல் நட்டார்கள். குடலுக்கு யார் அளந்தது? தாறுமாறாகத் திணித்த கயிறாக இருந்தால் கேள்வியே எழாது. ஆனால் ஒரே இனத்துப் பறவைகளில் வளைவுகளின் எண்ணிக்கையும் வரிசையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. மனிதக் கருவில் ஆறாம் வாரம் வாக்கில் வயிற்றில் இடம் போதாமல் குடல் தொப்புள்கொடிக்குள்ளேயே புடைத்துப் போகிறது. பத்தாம் வாரம் வாக்கில் முக்கால் வட்டம் திரும்பி உள்ளே வந்து அமர்கிறது.

எல்லோருக்கும் முதலில் தோன்றும் விளக்கம், வயிறு சின்னது, குடல் பெரியது, அதனால் நெருக்கத்தில் மடிகிறது என்பது. அடுத்து, வளைய வேண்டிய இடங்களில் மட்டும் குடலின் ஒரு பக்கம் வேகமாக வளர்கிறதோ என்று தோன்றும். இரண்டும் தவறு என்று 2011இல் தெரிந்தது. ஹார்வர்டில் கிளிஃப் டாபின், எல். மகாதேவன் ஆகியோரின் குழுக்கள் கோழிக் கருவின் குடலை வெளியே எடுத்தன. வயிற்றுக்கு வெளியேயும் வளைவுகள் அப்படியே இருந்தன. ஆக, நெருக்கம் காரணமில்லை. குடலை முதுகுப்புறத்தோடு பிணைத்து வைத்திருக்கும் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. ஆட்டுக்குடல் சுத்தம் செய்பவர்கள் கொழுப்போடு சேர்த்து உரித்தெடுப்பார்களே, அதுதான். அந்தச் சவ்வைக் குடலிலிருந்து வெட்டிப் பிரித்தார்கள். குடல் நேராக நிமிர்ந்துவிட்டது! சவ்வோ சுருங்கிக்கொண்டது.

என் அம்மா வீட்டில் துணி தைப்பவர். இதைப் படித்த அன்று அவரிடம்தான் முதலில் சொன்னேன். "எலாஸ்டிக்கை இழுத்துப் பிடிச்சுத் தெச்சா விட்டதும் துணி சுருங்குது, அதுதானே" என்றார். அதுவேதான். குடல் வேகமாக நீள்கிறது, அதோடு தைக்கப்பட்ட சவ்வு மெதுவாக நீள்கிறது. சவ்வு இழுபட்டு நிற்கிறது, குடல் அழுத்தப்பட்டு வளைகிறது. ஆய்வாளர்கள் செய்து பார்த்ததும் தையல் வேலைதான். ஒரு ரப்பர் தகட்டை இழுத்துப் பிடித்து, அதன் ஓரத்தில் ரப்பர் குழாயைத் தைத்து, கையை விட்டார்கள். கோழிக் குடலைப் போலவே குழாய் வளைந்து வளைந்து நின்றது. ஹிஸ் ரப்பர் குழாயை வளைத்துக் காட்டி 137 ஆண்டுகளுக்குப் பின், அவரைக் கேலி செய்ததற்கு வந்த பதில் இது.

எத்தனை வளைவு என்பதும் கணக்குக்குள் வந்தது. தையல்காரர்களுக்கு இதுவும் தெரியும்: தடித்த காடாத் துணியில் சுருக்கு வைத்தால் பெரிய பெரிய மடிப்பாக, குறைவாக விழும். மெல்லிய மல் துணியில் சின்னச் சின்னதாக நிறைய விழும். எலாஸ்டிக் கெட்டியாக இருந்தால் மடிப்பு இன்னும் நெருங்கும். குடலும் அப்படியே. குழாயின் தடிமன், விறைப்பு, சவ்வின் தடிமன், விறைப்பு, இரண்டின் வளர்ச்சி வேக வேறுபாடு ஆகியவற்றை அளந்து சமன்பாட்டில் போட்டதும் கோழிக்கு மட்டுமல்ல, காடைக்கும் ஃபின்ச் குருவிக்கும் சுண்டெலிக்கும் வளைவின் அளவு சரியாக வந்தது. இந்த மகாதேவன் சென்னை ஐஐடியில் பொறியியல் படித்துவிட்டுப் போனவர் என்பதை இங்கே மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன்.

அப்படியானால் மரபணுவுக்கு வேலை இல்லையா? நிறைய இருக்கிறது. சவ்வு எவ்வளவு மெதுவாக வளர வேண்டும், எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது மரபணுக்கள்தான். பிஎம்பி என்ற சமிக்ஞைப் புரதத்தின் அளவைச் சவ்வில் மாற்றினால் வளைவுகள் மாறுகின்றன என்று 2017இல் அதே குழுவினர் காட்டினார்கள். ஆனால் 'இங்கே முதல் வளைவு, இங்கே இரண்டாவது' என்று எந்த மரபணுவிலும் எழுதியிருக்கவில்லை. மனிதனுக்குப் புரதம் செய்யும் மரபணுக்கள் மொத்தம் 20,000 அளவில்தான் இருக்கின்றன. மரபணுத் தொகுப்பை வீட்டு வரைபடத்துக்கு ஒப்பிடும் வழக்கம் பாடநூல்களில் ஊறிப்போயிருக்கிறது, அது மாணவர்களை வழிதவற வைக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அதை ஒரு சமையல் பக்குவத்தோடு ஒப்பிடலாம். எது எவ்வளவு, எப்போது என்றுதான் பக்குவம் சொல்லும். பணியாரம் உப்புவது மாவும் சூடும் சேர்ந்து செய்யும் வேலை.

குடலின் உட்புறத்திலும் இதே கதை தொடர்கிறது. சத்தை உறிஞ்சும் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் அங்கே நெருக்கமாக நிற்கின்றன. கோழிக் கருவில் முதலில் குடலைச் சுற்றி வளையத் தசை உருவாகிறது. உள்ளே வளரும் திசு வெளியே விரிய முடியாமல் நீளவாக்கில் வரப்பு வரப்பாக மடிகிறது. அடுத்து நீளவாட்டுத் தசை வருகிறது, நீளவும் வழியில்லாமல் வரப்புகள் கோணல் மாணலாக மடிகின்றன. மூன்றாவது தசையடுக்கு வந்ததும் அந்தக் கோணல்கள் விரல்களாகின்றன. தசையை உரித்துவிட்டால் மடிப்பு மறைந்துவிடுகிறது. இது 2013இல் ஏமி ஷையர் முன்னின்று வெளியிட்ட ஆய்வு. இரண்டு ஆண்டு கழித்து அவர் இன்னொன்றும் காட்டினார். திசு விரலாக மடிந்ததும் விரல் நுனியில் ஒரு சமிக்ஞைப் பொருள் செறிவாகத் தேங்குகிறது. வளைந்த வடிவம்தான் அதைத் தேக்குகிறது. அந்தச் செறிவு நுனியில் உள்ள செல்களின் பெருகும் தன்மையை நிறுத்துகிறது, அடியில் உள்ளவை மட்டும், புதுச் செல்களைத் தந்துகொண்டே இருக்கும் தண்டுச்செல்களாகத் தங்குகின்றன. மரபணு வளர்ச்சியைக் கொடுத்தது. வளர்ச்சி மடிப்பைக் கொடுத்தது. மடிப்பு திரும்பிப் போய் மரபணுவின் வேலையை நிறுத்தியது.

இந்தத் திரும்பு பாதைக்கு ஆதாரம் இப்போது பல இடங்களில் கிடைத்திருக்கிறது. 2003இல் பாரிஸில் எம்மானுவேல் ஃபார்ஜ் பழ ஈயின் கருவை மெல்ல அழுத்தினார். வழக்கமாக வயிற்றுப்புறத்தில் மட்டும் இயங்கும் 'ட்விஸ்ட்' என்ற மரபணு, அழுத்தியதும் மற்ற இடங்களிலும் விழித்துக்கொண்டது. 2006இல் ஆடம் எங்லரும் டென்னிஸ் டிஷரும் ஒரே வகைத் தண்டுச்செல்களை வெவ்வேறு விறைப்புள்ள கூழ்மங்களின் மேல் வளர்த்தார்கள். மூளையளவு மென்மையானதில் அவை நரம்புச் செல்களின் சாயலை எடுத்தன. தசையளவு விறைப்பில் தசைச் சாயல். அதைவிடக் கெட்டியானதில் எலும்புச் சாயல். செல் தான் நிற்கும் தரையை இழுத்துப் பார்த்து, அது எவ்வளவு இளகுகிறது என்பதை வைத்துத் தன் வழியைத் தேர்கிறது. தொடுதலை உணரும் பீசோ என்ற வாயில் புரதங்களை, செல்களை நுண்குழாயால் குத்திக் குத்திப் பார்த்து ஆர்டெம் பட்டபூட்டியன் குழு 2010இல் கண்டுபிடித்தது. அதற்கு 2021இல் நோபல் பரிசின் ஒரு பங்கு கிடைத்தது. செல் சவ்வு இழுபட்டால் திறக்கும் கதவு அது.

இப்போது அந்தச் சிவப்புப் புள்ளியை மறுபடி பார்க்கலாம். கோழிக் கருவில் ஒன்றரை நாள் ஆவதற்குள் இதயம் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. அந்த வயதில் கரு அவ்வளவு சின்னது, ஆக்சிஜன் அதற்குள் ஊடுருவியே போய்ச் சேர்ந்துவிடும். ரத்தத்தை இறைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. பிறகு ஏன் இவ்வளவு முன்னதாகத் துடிக்க வேண்டும்? ஓடும் ரத்தம்தான் இதயத்தையும் குழாய்களையும் செதுக்குகிறது என்பது ஒரு முக்கியமான பதில். 2003இல் வரிக்குதிரை மீன் கருவின் இதய வாசலில் நுண்மணிகளை வைத்து ரத்த ஓட்டத்தை அடைத்துப் பார்த்தார்கள். இதயம் துடித்தது, ஆனால் ஓட்டம் இல்லை. அந்த இதயத்தில் வால்வுகள் சரியாக உருவாகவில்லை, அது வளைய வேண்டிய விதத்தில் வளையவும் இல்லை. அம்மாயி ஏழாம் நாள் பார்த்த அந்தச் சிலந்திக்கோடுகளும் அப்படித்தான். முதலில் ஒரே அளவான சிறு குழாய்களின் வலை. ரத்தம் அதிகம் பாயும் வழி பெருக்கும், பாயாத வழி மறையும். காவிரிப் பாசனத்தில் வாய்க்கால் தூர்வதும் அகல்வதும் மாதிரி.

ரத்தம் மட்டுமல்ல, கருவின் அசைவும் செதுக்குகிறது. 1966இல் கோழிக் கருக்களை மருந்தால் அசையாமல் செய்து பார்த்த ஆய்வில், மூட்டு இருக்க வேண்டிய இடங்களில் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. மூட்டின் இடைவெளி உண்டாக முதலில் மரபணு இடம் குறிக்கிறது, அதைத் திறந்து வைத்திருக்கத் தசை அசைக்க வேண்டும். ஐந்தாம் மாதம் வாக்கில் 'பிள்ளை உதைக்குது' என்று தாய் உணர்வதற்கு வெகு முன்பே, ஏழெட்டு வாரத்திலேயே, கரு அசையத் தொடங்கிவிடுகிறது. அதன் இடுப்பும் முழங்காலும் உருவாக அந்த அசைவு தேவைப்படுகிறது. அடைக்கோழி மூக்கால் முட்டையைப் புரட்டிவிடுவதும், நாமக்கல் பக்கத்துக் குஞ்சு பொரிப்பகங்களில் முதல் 18 நாள் இயந்திரம் மணிக்கொருமுறை தட்டைச் சாய்த்துக்கொண்டே இருப்பதும் வேறு காரணத்துக்காக: அசையாமல் கிடந்தால் கரு ஓட்டுச் சவ்வோடு ஒட்டிக்கொள்ளும்.

பிறந்த பிறகும் திசு கொஞ்ச காலம் இப்படி விசைக்கு இணங்கிக்கொண்டிருக்கிறது. வளைந்த பாதத்தோடு சில குழந்தைகள் பிறக்கின்றன. அதற்கு ஒரே காரணம் என்று இல்லை. முன்பெல்லாம் பெரிய அறுவை செய்தார்கள், கால் விறைத்துப்போகும், வலிக்கும். அமெரிக்காவின் அயோவாவில் இக்னேசியோ பொன்செட்டி வகுத்த முறையில் மருத்துவர் பாதத்தைக் கையால் மெல்லத் திருத்தி, அந்த நிலையில் மாவுக்கட்டுப் போடுகிறார். வாரம் ஒருமுறை கட்டை மாற்றி இன்னும் கொஞ்சம் திருத்துகிறார். பெரும்பாலும் ஐந்தாறு கட்டுகளில் பாதம் நேராகிறது. குதிகால் தசைநாரை மட்டும் பல குழந்தைகளுக்குச் சின்னதாக வெட்டிவிட வேண்டியிருக்கும். கெட்டிப்பட்ட எலும்பை ஒடித்து நிமிர்த்தும் வேலை இல்லை இது. குருத்தெலும்பும் தசைநாரும் இழுக்கும் திசைக்கு ஏற்பத் தங்களையே புதிதாக அமைத்துக்கொள்கின்றன, கருவில் செய்துகொண்டிருந்ததைப் போலவே. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் இதற்குச் செலவில்லை. பிறந்த சில வாரங்களுக்குள் போவது நல்லது. பாதம் நேரான பிறகு ஒரு கம்பியில் பொருத்திய காலணியை முதல் மூன்று மாதம் நாள் முழுக்கவும், அப்புறம் தூங்கும்போது மட்டுமாக நாலு வயதுவரையும் போட வேண்டும். பல வீடுகளில் இந்தக் காலணியைத்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள், பிள்ளை அழுகிறது என்று. விட்டால், வளரும் திசு பழைய பக்கமே பாதத்தை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.